கையெழுத்து இங்கே, முடிவுத் தேதி எங்கே?

ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவரின் முதல் வாரம் கையெழுத்து வாங்குவதிலேயே கழிகிறது. விடுதிக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று. அந்தப் படிவக் கட்டில் ஒருபக்கத் தாள் ஒன்றும் இருக்கும்: துறையின் கணினியில் கணக்கு கேட்டு விண்ணப்பம். பெயர், பதிவு எண், படிப்பு, அறை எண், தொலைபேசி எண், விரும்பும் பயனர் பெயர். கீழே, விதிமுறைகளுக்குக் கட்டுப்படுவதாக ஓர் உறுதிமொழி. அதற்கும் கீழே, வழிகாட்டிப் பேராசிரியரின் கையெழுத்துக்காக ஒரு கோடு. பல இடங்களில் இப்போது தாள் போய் இணையப் படிவம் வந்துவிட்டது. அந்தக் கோடு மட்டும் ஏதாவது ஒரு வடிவத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

நிரப்புகிறவருக்கு இது பத்து நிமிட வேலை. வாங்கி வைக்கும் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டருக்கு அன்றைய முப்பதாவது தாளாக இருக்கலாம். ஆனால் அதன் ஒவ்வொரு கட்டத்துக்கும் பின்னால் ஒரு கதை உண்டு. ஒன்றிரண்டின் பின்னால் வழக்கே உண்டு. கட்டங்கள் எத்தனை இருந்தாலும் தாள் கேட்பது இரண்டே கேள்விதான். இவருக்கு யார் பொறுப்பு? எதுவரை? முதல் கேள்விக்குப் பல்கலைக்கழகங்கள் அறுபது ஆண்டுகளாக விதவிதமாக விடை தேடியிருக்கின்றன. இரண்டாவதை அவை அந்த அளவுக்குப் பொருட்படுத்தியதில்லை.

ஆறு முக்காற்புள்ளிகள்

கணினியில் கணக்கு கேட்பவரின் அறை எண் எதற்கு? விடை யூனிக்ஸின் பழைய கோப்பு ஒன்றில் இருக்கிறது. 1969இல் பெல் ஆய்வகத்தில் தொடங்கி, 1970களில் பல்கலைக்கழகத் துறைகளுக்குப் பரவிய யூனிக்ஸில், பயனர்கள் எல்லோரின் விவரமும் 'பாஸ்வேர்டு' கோப்பில் இருக்கும். ஆளுக்கு ஒரு வரி. ஆறு முக்காற்புள்ளிகள் அந்த வரியை ஏழு கட்டங்களாகப் பிரிக்கும்: பயனர் பெயர், உருமாற்றிய கடவுச்சொல், பயனர் எண், குழு எண், ஐந்தாவதாக ஒன்று, வீட்டு அடைவு, முதலில் ஓட வேண்டிய நிரல்.

அந்த ஐந்தாவதன் பெயர் ஜீகோஸ். பெல் ஆய்வகத்தில் அச்சு வேலைகளை ஜெனரல் எலெக்ட்ரிக் வழிவந்த பெரிய கணினி ஒன்றுக்கு அனுப்புவார்கள். அதன் இயங்குதளத்துக்குத்தான் அந்தப் பெயர். அங்கே பயனரை அடையாளம் காட்டும் எண்ணை எழுதி வைக்க இந்தக் கட்டம் பயன்பட்டது. பிறகு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இதே கட்டத்துக்குள் முழுப்பெயர், அறை எண், அலுவலகத் தொலைபேசி, வீட்டுத் தொலைபேசி ஆகியவற்றைக் காற்புள்ளி போட்டு அடுக்கினார்கள். அதை எடுத்துக் காட்ட 'ஃபிங்கர்' என்ற நிரல் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு செயற்கை அறிவு ஆய்வகத்தில் 1971இல் லெஸ் எர்னெஸ்ட் எழுதியது. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்க்க ஆட்கள் நீண்ட பட்டியலில் விரலை ஓட்டித் தேடுவதைக் கண்டு அவர் வைத்த பெயர் அது.

துறை என்பது ஒரே கட்டடம், ஒரே தாழ்வாரம் என்று இருந்த காலத்தின் ஏற்பாடு இது. ஒருவருடைய நிரல் கணினியை விழுங்கிக்கொண்டிருந்தால் அறை எண்ணைப் பார்த்துப் போய்க் கதவைத் தட்டலாம். அந்தப் பெரிய கணினி எப்போதோ போய்விட்டது. இன்றைய லினக்ஸிலும் ஐந்தாவது கட்டத்தின் பெயர் ஜீகோஸ்தான்.

ரேஷன் அட்டையும் நூலக அட்டையும்

கணக்கு என்ற சொல்லே வரவுசெலவைச் சேர்ந்தது. துளை அட்டைக் காலத்தில் அது நேரடியாகவே அந்தப் பொருளில்தான் இருந்தது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 போன்ற கணினிகளின் காலத்தில், மாணவர் அட்டைக் கட்டைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு, அச்சுத் தாளுக்காகப் பிறகு திரும்பி வருவார். கட்டின் தலையில் இருக்கும் 'ஜாப்' அட்டையில், செலவை யார் பேரில் எழுதுவது என்ற விவரத்துக்கும் இடம் உண்டு. இயந்திரத்தை மாணவர் தொடுவதே இல்லை.

நேரப் பகிர்வு வந்ததும் நிலைமை மாறியது. 1961 நவம்பரில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பை ஓட்டிக் காட்டியது. ஒரே கணினியைப் பல பேர் ஒரே சமயத்தில் தனித்தனி முனையங்களிலிருந்து பயன்படுத்தலாம். ஆளுக்கு ஆள் தனிக் கோப்புகள் இருந்ததால் கடவுச்சொல் தேவைப்பட்டது. ஆளுக்கு இவ்வளவு நேரம் என்ற அளவும் இருந்தது.

ஆலன் ஷெர் என்ற முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைத்தது வாரத்துக்கு நான்கு மணி நேரம். அவருடைய ஆய்வுக்கு அது எந்த மூலைக்கும் போதவில்லை. எந்தக் கோப்பையும் அச்சிடச் சொல்லித் துளை அட்டையில் கேட்கலாம் என்பதை அவர் கவனித்தார். 1962இல் ஒரு வெள்ளிக்கிழமை இரவு கடவுச்சொல் கோப்பின் பெயரைப் போட்டு அட்டையை வைத்தார். சனிக்கிழமை காலை, அச்சுத் தாள்கள் வைக்கும் அலமாரியில் எல்லோருடைய கடவுச்சொல்லும் தாளாகக் காத்திருந்தது. அதன் பிறகு அவருக்கு நேரப் பஞ்சம் இல்லை. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்துக் கார்பட்டோவிடம் அவரே இதை ஒப்புக்கொண்டார். ரேஷன் கடையில் அடுத்த வீட்டு அட்டையோடு போய் நின்ற கதைதான். பதிவான முதல் கடவுச்சொல் திருட்டுகளில் ஒன்றைச் செய்தவர் வெளியாள் கிடையாது, முறையாகக் கணக்கு வாங்கிய மாணவர்.

அதே அமைப்பில் 1966இல் யாரும் திருடாமலே கடவுச்சொற்கள் வெளியாயின. இரண்டு தற்காலிகக் கோப்புகள் இடம் மாறிப்போக, அன்றைய அறிவிப்புக்குப் பதிலாகக் கடவுச்சொல் பட்டியலே உள்ளே நுழைந்த ஒவ்வொருவரின் முன்னும் அச்சாகி வந்தது.

நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள டார்ட்மத் கல்லூரி வேறு வழியில் போனது. 1964 மே 1 அதிகாலை நான்கு மணிக்கு அங்கே பேசிக் மொழியின் முதல் நிரல் ஓடியது. அதை உருவாக்கிய ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் கணிதப் பேராசிரியர்கள். மாணவர்கள் தாங்களே புத்தகத்தை எடுத்துப் பார்க்கக்கூடிய திறந்த அலமாரி நூலகம்தான், கணினியை மாணவர்களுக்குத் தருவதில் கெமனியின் முன்மாதிரி. அறிவியல் மாணவர், இலக்கிய மாணவர் என்ற பேதம் இல்லை, கட்டணம் இல்லை, காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. முனையத்தில் 'ஹலோ' என்று தட்டினால் கணினி பயனர் எண்ணைக் கேட்கும். மாணவரின் அடையாள எண்தான் பயனர் எண். கல்லூரியில் சேர்ந்த அன்றே கணக்கும் வந்துவிட்டது என்று அர்த்தம்; தனியாக விண்ணப்பிக்க ஏதும் இல்லை.

இன்னும் ஒரு படி தாண்டிப் போனது எம்.ஐ.டி.யின் செயற்கை அறிவு ஆய்வகம். அதன் ஐ.டி.எஸ். அமைப்பு பல காலம் கடவுச்சொல் கேட்காமலே ஓடியது. வெளியாட்கள் இரவில் வந்து பயன்படுத்திக்கொள்ளலாம். அவர்களைச் 'சுற்றுலாப் பயணிகள்' என்றார்கள். வளாகத்தின் இன்னொரு கணினியில் கடவுச்சொல் முறை வந்தபோது, ஆய்வகத்தின் நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் கடவுச்சொற்களை உடைத்தெடுத்து, உரியவர்களுக்கே அனுப்பி வைத்தார். இதற்குப் பதில் வெறும் என்டர் விசையே போதுமே என்று கூடவே ஒரு யோசனையும் சொன்னார். அதைக் கேட்டவர்களும் உண்டு.

கணக்கு என்பது பங்கீடா, உறுப்பினர் உரிமையா? இன்றைய துறைப் படிவத்தில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. வட்டு இடத்துக்கும் அச்சுப் பக்கங்களுக்கும் அளவு வைப்பது ரேஷன் வழி. படிக்கும் மாணவர் என்றால் கணக்கை மறுக்க முடியாது என்பது நூலக வழி.

அப்பாவும் மகனும்

கடவுச்சொல்லை ஆட்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று முதன்முதலில் எண்ணிப் பார்த்தவர்களில் பெல் ஆய்வகத்தின் ராபர்ட் மாரிஸும் கென் தாம்சனும் உண்டு. 1979இல் வெளியான அவர்களுடைய கட்டுரை 3,289 கடவுச்சொற்களைப் பிரித்துப் பார்த்தது. ஒற்றை எழுத்தே கடவுச்சொல்லாக வைத்தவர்கள் 15 பேர். மூன்றே எழுத்துகள், 464 பேர். அகராதிச் சொற்களையும் சேர்த்து, எளிதில் சிக்கியவை 2,831. நூற்றுக்கு 86.

அந்த மாரிஸின் மகன், அதே பெயருள்ள ராபர்ட் டாப்பன் மாரிஸ், 1988இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையில் முனைவர் பட்டப் படிப்பின் முதலாண்டில் சேர்ந்தார். எல்லா மாணவர்களையும் போல அவருக்கும் துறைக் கணினியில் ஒரு கணக்கு கொடுத்தார்கள். நவம்பர் 2 அன்று, எம்.ஐ.டி.யில் உள்ள ஒரு கணினி வழியாக அவர் விட்ட புழு நிரல், அன்றைய இணையத்தைத் திணறடித்தது. அப்போது இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் ஏறக்குறைய 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள்.

புழு உள்ளே நுழைந்த வழிகளில் இரண்டு கணக்குப் படிவத்தைத் தொடுகின்றன. ஒன்று, ஃபிங்கர் சேவையில் இருந்த ஓட்டை. மற்றது, கடவுச்சொல்லை ஊகிப்பது. பாஸ்வேர்டு கோப்பைத் திறந்து, பயனர் பெயரையே கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்க்கும். ஜீகோஸ் கட்டத்தில் உள்ள சொந்தப் பெயரைப் போட்டுப் பார்க்கும். பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். அதற்கும் மசியாவிட்டால் கையோடு கொண்டுவந்த 432 சொற்களின் பட்டியல். பக்கத்து அறைக்காரர் தேடி வர வசதியாக எழுதிக் கொடுத்த விவரம் புழுவுக்கும் உதவியது. தந்தை மாரிஸ் அப்போது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையில், கணினிப் பாதுகாப்பு மையத்தின் தலைமை அறிவியலாளர்.

மகன்மேல் வந்த வழக்கு மேல்முறையீடு வரை போனது. கார்னெல், ஹார்வர்டு, பெர்க்லி கணினிகளில் அவருக்கு முறையான கணக்கு இருந்தது; அதிகமாகப் போனால் அனுமதியின் எல்லையைத் தாண்டினார் எனலாமே தவிர, அனுமதியின்றி நுழைந்தார் என்பது பொருந்தாது என்று அவர் தரப்பு வாதாடியது. 1991இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கணக்கு தந்த அனுமதி, அந்த நிரல்களை அவற்றின் வேலைக்காகப் பயன்படுத்தத்தான். அவற்றின் ஓட்டையில் புகுந்து மற்றவர் கணினிகளுக்குள் போக அது இடம் தரவில்லை. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம் என்ற தண்டனை உறுதியானது. கையெழுத்துக் கோட்டுக்கு மேலே இருக்கும் உறுதிமொழியைப் படிக்காமல் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு கணக்கு எதற்கெல்லாம் அனுமதி என்று தகராறு வரும்போது, இரு தரப்பும் முதலில் தேடி எடுக்கும் தாள் அதுதான்.

பதிவாளரின் பட்டியல்

முப்பது மாணவர்கள் என்றால் கையெழுத்து வாங்கி வரச் சொல்லலாம். ஆயிரம் பேர் என்றால்? எம்.ஐ.டி. 1983இல் தொடங்கிய ஏதெனா திட்டத்துக்கு இந்தச் சிக்கல் வந்தது. வளாகம் முழுக்கப் பணிநிலையக் கணினிகள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் கணக்கு கேட்டு ஒரு பெருங்கூட்டம். அவர்கள் கண்ட வழி எளிமையானது. மாணவர் யார் என்று சொல்லும் அதிகாரம் பதிவாளரிடம் ஏற்கெனவே இருக்கிறது; அவருடைய பட்டியலை முன்கூட்டியே வாங்கிக் கணினியில் ஏற்றிவிடுவது. மாணவர் ஏதாவது ஒரு பணிநிலையத்தின் முன் உட்கார்ந்து, பதிவுக்கென்றே வைத்த பொதுப் பயனர் பெயரில் நுழைந்து, தன் பெயரையும் அடையாள எண்ணையும் தட்டினால், பட்டியலோடு ஒப்பிட்டுக் கணக்கு திறக்கும். இடையில் ஆள் கிடையாது. அந்தத் திட்டத்தில் பிறந்த கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது.

பேராசிரியரின் கையெழுத்து இருந்த இடத்தில் பதிவாளரின் பட்டியல் வந்து உட்கார்ந்தது. இன்று பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதுதான் நடைமுறை. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவரின் ரோல் நம்பரே மின்னஞ்சல் முகவரியின் முன்பாதி. அதைப் பார்த்தாலே துறை, சேர்ந்த ஆண்டு, படிப்பு எல்லாம் தெரிந்துவிடும்.

அப்படியானால் துறை தனியாக ஏன் ஒரு கணக்கு வைத்திருக்கிறது? பிட்ஸ்பர்கின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் 'ஆண்ட்ரூ ஐடி' உண்டு. ஆண்ட்ரூ கார்னகி, ஆண்ட்ரூ மெலன் என்ற இரு ஆண்ட்ரூக்களின் நினைவாக வந்த பெயர். ஆனாலும் கணினி அறிவியல் பள்ளிக்கெனத் தனிக் கணக்கும் இருக்கிறது. பெர்க்லியிலோ ஒரு பாடத்துக்கே தனிக் கணக்கு: பாட எண்ணும் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகளுமாக ஒரு பயனர் பெயர், முன்பெல்லாம் முதல் லேப் வகுப்பில் தாளாகக் கையில் வந்தது.

இதற்குக் காரணங்கள் உண்டு. மையக் கணக்கு திறப்பது மின்னஞ்சல், மதிப்பெண், கட்டணம் ஆகியவற்றை. துறைக் கணக்கு திறப்பது ஆராய்ச்சி சர்வர், ஜி.பி.யு., உரிமம் வாங்கிய மென்பொருள், குழுவின் பொதுக் கோப்புகள் ஆகியவற்றை. பல சமயம் இவற்றை வாங்கிய பணம் ஒரு பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து வந்திருக்கும். யார் பயன்படுத்தலாம் என்பதைப் பதிவாளர் சொல்ல முடியாது. அதனால்தான் அந்தக் கையெழுத்துக் கோடு துறையில் மட்டும் அழியாமல் நிற்கிறது. இதன் மறுபக்கமும் உண்டு. ஒருவருக்கு நான்கு இடங்களில் கணக்கு இருந்தால், அவர் போகும்போது நான்கு இடங்களில் மூட வேண்டும். நான்கில் ஒன்று மறந்துபோவது இயல்பு.

பெயர் எது, இனிஷியல் எது

படிவத்தின் முதல் கட்டத்திலேயே தடுமாறுகிறவர்கள் தமிழ் மாணவர்கள். தமிழ்ப் பெயருக்கு முன்னால் நிற்பது தந்தை பெயரின் முதலெழுத்து; குடும்பப் பெயர் என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. அமெரிக்கப் படிவத்தின் 'லாஸ்ட் நேம்' கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதினால், பேராசிரியர்கள் தந்தையின் பெயரைச் சொல்லி மகளைக் கூப்பிடுவார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்து, அது குடும்பப் பெயருக்கான இடத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் முதல் பெயர் 'எஃப்.என்.யு.' என்று வரும்: முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். பல்கலைக்கழகப் பதிவேடு விசாவைப் பின்பற்றினால், கணக்கும் 'அன்புள்ள எஃப்.என்.யு.' என்றே அவரை வரவேற்கும்.

பயனர் பெயருக்கு எட்டு எழுத்து வரம்பு வைத்திருந்த பழைய யூனிக்ஸ் கணினிகளில் மீனாட்சிசுந்தரங்களின் பாடு சொல்லவே வேண்டாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இந்தப் பிரச்சினையைப் பெயரையே தவிர்த்துச் சமாளித்தது. முதலெழுத்துகள் சில, பின்னால் ஓர் எண். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் இல்லை.

விருந்தாளிகள்

பட்டியலில் இல்லாதவர்கள் எப்போதும் இருப்பார்கள்: கோடையில் வரும் பயிற்சி மாணவர், ஆறு மாதத்துக்கு வந்த பேராசிரியர், கருத்தரங்குக்கு வந்தவர். இவர்களுக்காகத்தான் 'பொறுப்பேற்பவர்' என்ற கட்டம். துறையில் யாராவது ஒருவர் இவருக்கு நான் பொறுப்பு என்று எழுதித் தர வேண்டும்.

வைஃபை அளவில் இந்தச் சிக்கலை எடுரோம் தீர்த்தது. 2002இல் நெதர்லாந்தின் கிளாஸ் வீரங்கா முன்வைத்த யோசனை இது. வந்த இடத்தில் கணக்கு கேட்கத் தேவையில்லை. சொந்தப் பல்கலைக்கழகம் இவர் நம்மவர்தான் என்று பின்னணியில் உறுதி சொன்னால் போதும். கடவுச்சொல் விருந்தளிக்கும் இடத்துக்குத் தெரியாது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் இது இருக்கிறது. இந்தியாவில் இதை நடத்துவது எர்நெட். 1986இல் மின்னணுத் துறை தொடங்கிய அந்த வலையமைப்பின் முதல் உறுப்பினர்களில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஒன்று.

பொறுப்பேற்பவரைக் கேட்காத வாசலும் உண்டு. எம்.ஐ.டி. வளாகத்துக்கு வரும் எவரும் பெயரைப் பதிந்து சில நாட்களுக்கு வலையமைப்பைப் பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு இருந்தது. 2010 செப்டம்பரில் அங்கே பதிவான ஒரு விருந்தினரின் பெயர் 'கேரி ஹோஸ்ட்'. முதலெழுத்தோடு சுருக்கினால் 'கோஸ்ட்', பேய். பதிந்தவர் இணையச் செயற்பாட்டாளர் ஆரன் ஸ்வார்ட்ஸ்; அந்த வழியாக ஜேஸ்டோர் தளத்தின் ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கியதாக அவர்மேல் வழக்கு வந்தது. விசாரணை தொடங்கும் முன்பே, 2013 ஜனவரியில் அவர் இறந்தார். திறந்த வாசலை வைத்திருந்த பல்கலைக்கழகம் இந்த விவகாரத்தில் எப்படி நடந்துகொண்டது என்பது பெரிய விவாதமாகி, எம்.ஐ.டி.யே தன் பங்கைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

போனவர்களின் கணக்கு

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில், 1986 ஆகஸ்டில், கணினிப் பயன்பாட்டுக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. வானியலில் நிதி தீர்ந்துபோய்க் கணினிப் பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்த கிளிஃபோர்டு ஸ்டோலிடம், ஏன் என்று பார்க்கச் சொன்னார்கள். 'ஹன்டர்' என்று ஒரு பயனர் பெயர் இருந்தது; கட்டணத்தை யாருக்கு அனுப்புவது என்ற விவரம் இல்லை. முறையாகப் படிவம் நிரப்பி வந்த கணக்காக இருந்தால் அந்தக் கட்டம் காலியாக இருந்திருக்காது.

ஹன்டரை நீக்கினார்கள். ஊடுருவல் நிற்கவில்லை. அடுத்து நடமாட்டம் தெரிந்தது பழைய நிரலாளர் ஒருவரின் பெயரில். அவர் இங்கிலாந்துக்குப் போய் நாளாகியிருந்தது. அவருடைய கணக்கு மட்டும் பெர்க்லியிலேயே உயிரோடு இருந்தது. மாதக்கணக்கில் விடாமல் பின்தொடர்ந்தபோது தடம் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. மார்க்கஸ் ஹெஸ் என்பவர், அமெரிக்க ராணுவக் கணினிகளில் துழாவியதைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குழுவில் இருந்தார்.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. துறைகளில் ஆளில்லாத கணக்குகள் இன்றும் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்குச் சோம்பல் மட்டும் காரணம் இல்லை. கணக்கு திறக்கவில்லை என்றால் மாணவர் மறுநாளே அட்மின் அறை வாசலில் நிற்பார். மூடவில்லை என்று புகார் சொல்ல யாரும் வருவதில்லை. பட்டம் வாங்கிப் போனவரின் நிரலை அவருடைய அடைவிலிருந்துதான் அடுத்த மாணவர் ஓட்டிக்கொண்டிருப்பார். வெளியான கட்டுரையில் அச்சான மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணக்குடையதுதான். பேராசிரியரும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்பார்.

கடைசியில் கணக்குகளை மூட வைத்தது பெரும்பாலும் பணம்தான். கல்வி நிறுவனங்களுக்கு அளவில்லாமல் தந்துவந்த சேமிப்பிடத்தை, நிறுவனத்துக்கு 100 டெராபைட் என்று சுருக்கப்போவதாகக் கூகுள் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. அது நடைமுறைக்கு வந்த 2022க்கு முன்பும் பின்பும் பல பல்கலைக்கழகங்கள் முன்னாள் மாணவர்களின் கணக்குகளை எண்ணத் தொடங்கின. ரேஷன் வழி மீண்டும் தலையெடுத்தது.

யூனிக்ஸின் பழைய கோப்பில் இருந்த ஏழு கட்டங்களில் முடிவுத் தேதிக்கு இடமே இல்லை. கடவுச்சொற்களைத் தனியே மறைத்து வைக்கப் பின்னால் வந்த 'ஷேடோ' கோப்பில்தான் அதற்கு ஓர் இடம் கிடைத்தது. ஒன்பது கட்டங்களில் எட்டாவது. 1970 ஜனவரி 1 முதல் எத்தனையாவது நாளில் கணக்கு முடிகிறது என்று அதில் ஓர் எண்ணை எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் அந்தக் கணக்குக்கு முடிவே கிடையாது. துறைக் கணினிகளின் ஷேடோ கோப்பைத் திறந்தால், வரிக்கு வரி அந்த இடத்தில் இரண்டு முக்காற்புள்ளிகள் ஒட்டி நிற்பதைத்தான் பெரும்பாலும் பார்க்க முடியும். நடுவில் எண் ஏதும் இருக்காது.